பனியன் வாங்க வந்த கரடி

மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கற்பனை போதாது என்று யாராவது என்னிடம் சொன்னால், அவரை என் வகுப்பில் அரைமணி நேரம் உட்கார வைத்து அனுப்புவேன். எழுந்து போகும்போது அவருக்கே கிறுகிறுத்துப் போகும். என் பெயர் செல்வநாயகி. திருப்பூரில் பனியன் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். செவ்வாய்க்கிழமை கடைசி பீரியடில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு, தரையில் வட்டமாக உட்கார்ந்து, எல்லோரும் சேர்ந்து ஒரு கதை கட்டுவோம். முதல் வரி என்னுடையது. மிச்சமெல்லாம் அவர்கள் பாடு.

அந்தச் செவ்வாய்க்கிழமை, "காட்டுல இருந்து ஒரு கரடி நம்மூருக்கு வந்துச்சு. எதுக்கு வந்துச்சு?" என்று ஆரம்பித்தேன்.

"பனியன் வாங்கறதுக்குங்க டீச்சர்."

"கரடிக்குத்தான் உடம்பு பூரா முடி இருக்குதே. அதுக்கெதுக்குடா பனியன்?"

"வேர்வை உறிஞ்சோணுமில்லைங்க."

கரடி பஸ்ஸில் வந்ததா லாரியில் வந்ததா என்று ஒரு சண்டை நடந்தது. லாரியில், நூல் மூட்டைகளுக்கு நடுவே தூங்கிக்கொண்டு வந்ததாக முடிவானது. அடுத்தது அளவு. டபுள் எக்ஸெல் போதும் என்றான் ஒருவன். நாலு எக்ஸாவது வேண்டும் என்றாள் ஒருத்தி. அந்த அளவெல்லாம் எக்ஸ்போர்ட்டுக்குத்தான் தைப்பாங்க, கடையில் கிடைக்காது என்று ஒரு கட்டிங் மாஸ்டர் மகன் பெரிய மனுஷத் தோரணையில் சொன்னான். ஆகவே கரடி, எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்டதை விற்கிற செகண்ட்ஸ் கடைக்குப் போனது. ஒன்றைப் போட்டுப் பார்த்தது. கழுத்தில் மாட்டிக்கொண்டு கண் தெரியாமல் தெருத் தெருவாக ஓடியது.

எங்கள் வட்டத்துக்குச் சட்டம் இரண்டே இரண்டு. ஒன்று, யார் என்ன சொன்னாலும் 'தப்பு' என்று சொல்லக் கூடாது. மற்றது, குரல் கொடுப்பது. சில பிள்ளைகளுக்கு மனசில் கதை இருக்கும், வாயில் வராது. லிப்ஸா என்று ஒரு பெண் இருக்கிறாள், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பம், அப்பா அம்மா இருவருக்கும் சாயப்பட்டறையில் வேலை. அவளுக்குத் தமிழ் வரும், ஆனால் முப்பது பேர் பார்க்கிறார்கள் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் இருப்பவர் காதில் சொன்னால், அவர் அதை உரக்கச் சொல்லுவார். குரல் கொடுத்தவர், அது யாருடைய கதை என்று கடைசிவரை சொல்லக் கூடாது. எல்லோரும் தலையில் கை வைத்துச் சத்தியம் பண்ணியிருந்தார்கள். இந்த ஏற்பாட்டுக்குப் பிறகுதான் லிப்ஸா சிரிக்கவே ஆரம்பித்தாள்.

வட்டத்தில் இன்னொரு ஆளும் உண்டு. தேங்காய் அளவில் ஒரு கருவி. அதற்கு அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது, பிள்ளைகள் வைத்த பெயர் உருண்டை. இரண்டு வருஷமாக எல்லா ஆரம்பப் பள்ளிகளிலும் கதை வட்டத்தில் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கதை நின்றுபோனால், அது மெல்லிய குரலில் ஒரு வரி எடுத்துக் கொடுக்கும். அது சும்மா பக்கவேலை. அசல் வேலை காது கொடுப்பது. பிள்ளைகள் நேராகச் சொல்லாததைக் கதைக்குள் வைத்துச் சொல்லிவிடும் என்பார்கள். அப்படி ஏதாவது காதில் விழுந்தால் குழந்தை நலப் பிரிவுக்குத் தகவல் போய்விடும். போன வருஷம் ஒரு பிள்ளையை நிஜமாகவே அது காப்பாற்றியது. அதனால் நான் அதைக் குறை சொல்கிறவள் இல்லை.

பனியனுக்குள் மாட்டிய கரடி ஓடிக்கொண்டிருந்தது. எங்கே ஓடுவது என்று தெரியாமல் கதை நின்றது. லிப்ஸாவுக்கும் உருண்டைக்கும் நடுவில் பூவிழி உட்கார்ந்திருந்தாள். ரெட்டைச் சடை, முன்பல் இரண்டு இல்லை, வகுப்பிலேயே கணீரென்ற குரல் அவளுக்குத்தான். அவள் நிமிர்ந்து சொன்னாள்.

"கரடி வருதுன்னு சொல்லி, அப்பா பாப்பாவைத் தறிக்குடோனுக்குள்ள போட்டுப் பூட்டிட்டாரு. தறி ஓடற சத்தத்துல பாப்பா அழுவறது யாருக்கும் கேக்கல. ஆனா கரடியே வரல."

எனக்குச் சுருக்கென்றது. 'அப்புறம்?' என்று நான் கேட்பதற்குள் மணி அடித்துவிட்டது. பைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள்.

மறுநாள் காலை பிரேயர் முடிந்த கையோடு வெள்ளை வண்டி ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து ஓர் இளைஞரும், ஒரு உதவியாளர் அம்மாவும் இறங்கினார்கள். இளைஞர் பெயர் இளம்பரிதி, குழந்தை நலப் பிரிவு அதிகாரி. மரியாதையாகப் பேசினார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கத்துகிற ஆளாக இருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

"பூவிழின்னு ஒரு குழந்தை டீச்சர். நேத்து வட்டத்துல அவ சொன்னதுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்திருக்கு. அம்மா ஊர்ல இல்லையாமே?"

"ஜோர்டான்ல தையல் கம்பெனில இருக்கறாங்க. அப்பன்தான் வளத்தறாரு."

"வீட்டுல வேற பெரியவங்க இல்லாததால, விசாரணை முடியற வரைக்கும் குழந்தைய இல்லத்துல வெச்சுக்கணும். மத்தியானம் கூட்டிட்டுப் போறோம்."

"விசாரணை எப்பங்க முடியும்?"

"சில மாசம் ஆகலாம்."

"ஏனுங்க தம்பி, பிள்ளை கதை சொன்னதுக்காகவா?"

"கதைன்னு நாம நினைக்கறோம் டீச்சர். 'கரடியே வரல'ன்னு முடிச்சிருக்கா பாருங்க. அது கற்பனைல வர்ற வரி இல்ல. லட்சக்கணக்கான கதைகளை ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கருவி சொல்லுது."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கே அந்த வரி இரவெல்லாம் உறுத்தியது. ஆனால் பூவிழியின் அப்பா சென்னியப்பனை எனக்குத் தெரியும். மகளுக்குச் சடை பின்ன யூட்யூபில் பார்த்துக் கற்றுக்கொண்ட மனுஷன். அதோடு இன்னொன்றும் இடித்தது.

"தம்பி, அவங்க குடியிருக்கறது வரிசையா ஒட்டிக் கட்டின ஒத்தை ரூம் லைன் வீடு. அந்தாளு பனியன் கம்பெனில வேலை பாக்கறாரு. தறிக்குடோனுக்கு எங்க போவாங்க? இந்தப் பிள்ளை தறிய நேர்ல பாத்திருக்குமான்னே எனக்குச் சந்தேகம்."

"வேற எங்கயாவது நடந்திருக்கலாம் டீச்சர்."

"இல்லைன்னா, அது அவ கதையே இல்லாம இருக்கலாம்."

குரல் கொடுக்கிற சட்டத்தைப் பற்றி அவருக்குச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பிறகு, "அப்ப யாரோடதுன்னு அவ சொல்லட்டும். நாங்க அந்த வீட்டுக்குப் போறோம்" என்றார்.

பூவிழியைத் தனியே கூப்பிட்டு வராந்தாவில் உட்கார வைத்தேன்.

"நேத்து தறிக்குடோன் சொன்னியே, அது உன்ர கதையா கண்ணு?"

தலையை ஆட்டினாள். இல்லை.

"குரல் குடுத்தியா?"

ஆமாம்.

"யாருக்கு?"

வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"டீச்சரே கேக்கறனில்ல. இன்னைக்கு ஒருநாளைக்குச் சொல்லலாம் சாமி."

"சத்தியம் பண்ணியிருக்கறனுங்க டீச்சர். நீங்கதான பண்ணச் சொன்னீங்க."

"சொல்லலைன்னா உன்னை அந்த வண்டில கூட்டிட்டுப் போயிருவாங்க."

"அப்பாவும் வருவாங்களா?"

"வர மாட்டாங்க."

கண்ணில் பொலபொலவென்று தண்ணீர் வந்தது. சட்டையில் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "நான் சொல்லிட்டா, அப்புறம் யாரும் என்ர காதுல சொல்ல மாட்டாங்களேங்க டீச்சர்" என்றாள். எட்டு வயசு. அவளை இழுத்து அணைத்துக்கொண்டேன்.

அதற்குள் சென்னியப்பன் வந்துவிட்டார். ஷிப்டில் இருந்து அப்படியே ஓடி வந்திருந்தார், மீசையெல்லாம் துணித்தூசி. கேட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "டீச்சருங்க, நான் அடிச்சதுகூட இல்லைங்க. கேட்டுப் பாருங்க" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்குள் ஒரு கணக்கு ஓடியது. பூவிழிக்கு ஒரு பக்கம் லிப்ஸா. குரல் கொடுப்பது பெரும்பாலும் அவளுக்குத்தான். அப்படியானால் வண்டி இந்த வீட்டை விட்டுவிட்டு லிப்ஸா வீட்டுக்குப் போகும். வெளிமாநிலத்துக் குடும்பம், அதிகாரி வந்தார் என்றாலே ராத்திரியோடு ராத்திரியாக ரயிலேறிவிடும். நிஜமாகவே அந்தப் பிள்ளையை யாராவது பூட்டி வைத்திருந்தால் அதைக் கேட்க ஆளே இருக்காது. ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொன்றைக் கை காட்ட எனக்கு மனசு வரவில்லை. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிற ஆளும் நான் இல்லை.

இளம்பரிதியிடம் போனேன். "மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்குதுல்லைங்க? இப்பவே வட்டம் போடறேன். அதே இடம், அதே கதை. நீங்களும் உக்காருங்க. என்ர பிள்ளைகளைப் பத்தி எனக்குத் தெரியும். நீங்க கண்ணால பாத்துட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க."

"கருவி பதிவு பண்ணிக்கிட்டேதான் இருக்கும். யாரு சொன்னாலும் தகவல் வரும். அதை நான் அழிக்க முடியாது."

"வரட்டுமுங்க. உண்மை எதுன்னு தெரியோணும், அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு நேராக வகுப்புக்குப் போய் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளினேன்.

புதன்கிழமை வட்டம் என்றதும் பிள்ளைகளுக்கு ஒரே குஷி. பேண்ட் சட்டை போட்ட அதிகாரி தரையில் சம்மணம் போட முடியாமல் தடுமாறியதைப் பார்த்துச் சிரித்தார்கள். அவர் மடியில் டேப்லெட். ஜன்னலுக்கு வெளியே சென்னியப்பன். லிப்ஸா, பூவிழி, உருண்டை மூன்றும் நேற்று இருந்த அதே வரிசையில்.

"கரடி பனியனுக்குள்ள மாட்டிட்டு ஓடுது. பாப்பா தறிக்குடோனுக்குள்ள இருக்குது. அப்புறம்?" என்றேன்.

ஏதோ சரியில்லை என்று பிள்ளைகளுக்கும் தெரிந்திருந்தது. அப்போது லிப்ஸா மெல்லச் சாய்ந்து பூவிழியின் காதில் ஏதோ சொன்னாள். இளம்பரிதி டேப்லெட்டை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பூவிழி நிமிர்ந்தாள். "கரடிக்குப் பசிக்குது. பரோட்டா கடைல போய் நின்னுச்சு. மாஸ்டர் பயந்து மாவைத் தூக்கிக் கரடி மேலயே வீசிட்டாரு."

வகுப்பே உருண்டு சிரித்தது. நான் சிரித்த சிரிப்பில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. லிப்ஸாவுக்கு வெட்கம், முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். மாவுக் கரடியைப் பற்றி ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சொல்லி ஓய்ந்ததும், "சரி, பாப்பா என்ன ஆச்சு?" என்று கேட்டேன். கதை மறுபடியும் நின்றது.

பூவிழி இந்த முறை மறுபக்கம் திரும்பினாள். உருண்டையின் மேல் குனிந்து, அதில் காதை வைத்தாள். சடை இரண்டும் தரையில் விழுந்தன. எப்போதும் அவள் அப்படிக் குனிவதுதான். அதை வைத்து விளையாடுகிறாள் என்றே நான் நினைத்திருந்தேன். கொஞ்ச நேரம் உன்னிப்பாகக் கேட்டுவிட்டு நிமிர்ந்து, அதே கணீர்க் குரலில் சொன்னாள்.

"பஞ்சு பறந்து பறந்து பாப்பா தலை பூரா வெள்ளையாயிருச்சு. அப்பா வந்து கதவைத் திறந்து, டீச்சர்கிட்ட சொன்னா மறுபடியும் பூட்டுவேன்னு சொன்னாரு."

டேப்லெட் விர்ரென்று அதிர்ந்தது. திரை சிவப்பு. அதில் பூவிழி பெயர்.

இளம்பரிதி திரையைப் பார்த்தார். உருண்டையைப் பார்த்தார். "இப்ப அவ என்ன பண்ணினா?" என்று என்னைக் கேட்டார்.

நான் வாய் திறப்பதற்குள் கட்டிங் மாஸ்டர் மகன் முந்திக்கொண்டான். "உருண்டை ரொம்ப மெதுவாப் பேசுமுங்க சார். அதுக்கு வெக்கம். அதனால பக்கத்துல இருக்கறவங்க குரல் குடுப்போமுங்க."

பூவிழி அவனை முறைத்த முறைப்பில் அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான்.

பிள்ளைகளை விளையாட அனுப்பிவிட்டு நாங்கள் இருவரும் அங்கேயே உட்கார்ந்தோம். இளம்பரிதி நெற்றியைத் தேய்த்துக்கொண்டே பேசினார்.

"கருவி தன்னோட குரல்ல சொல்றதைக் கணக்குல எடுத்துக்காது டீச்சர். ஆனா அதே வரியைக் குழந்தை வாயால சொன்னா, அது குழந்தையோட வரி ஆயிடும். கருவிக்கு ஒரு குழந்தை குரல் குடுக்கும்னு இதைச் செஞ்சவங்க யாரும் நினைச்சே பாக்கல."

"எங்க பிள்ளைக அதை வாயில்லாத பிள்ளைன்னு நெனச்சுட்டாங்க. அவங்களுக்கு அதுவும் வகுப்புல ஒரு ஆளுதானுங்க." எனக்கு அப்போதுதான் உடம்பு லேசானது. "அப்ப எச்சரிக்கைய ரத்து பண்ணிருங்க. அப்பனும் மகளும் வீட்டுக்குப் போகட்டும்."

"பண்ணிட்டேன்." டேப்லெட்டைக் காட்டினார். சிவப்பு போய்விட்டது. ஆனால் அவர் எழுந்திருக்கவில்லை.

"வேறென்னங்க தம்பி?"

"கருவி சொந்தமா எதையும் உருவாக்காது டீச்சர். மத்த பள்ளிகள்ல கேட்டதைக் கலந்துதான் எடுத்துக் குடுக்கும். கலந்தா வரி மழமழன்னு பொதுவா இருக்கும். இந்த ரெண்டு வரியும் கலந்ததாத் தெரியல. கரடிக் கதைன்னதும், கரடி வர்ற வரியாப் பாத்து அப்படியே எடுத்துக் குடுத்திருக்கு."

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "அப்படின்னா வேற ஒரு பிள்ளை இதைச் சொல்லியிருக்குது. அங்க ஏன் உங்களுக்குச் சிவப்பு வரல?"

அவர் வெகுநேரம் எதையோ தேடினார். யாருக்கோ போன் செய்து, அனுமதி கேட்டு, மறுபடி தேடினார். கண்டுபிடித்தபோது அவர் முகம் வெளிறிவிட்டது.

"பல்லடம் பக்கம் ஒரு பள்ளி. பேர் வராது, குரல் மட்டும்தான். ஒரே குழந்தை, திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கு. எல்லாமே பள்ளிக்கூடம் விட்ட பிறகு, வட்டம் கலைஞ்சதுக்கு அப்புறம். எல்லாரும் போனதும் தனியா வந்து இதுகிட்ட பேசியிருக்கு. வட்டத்துக்கு வெளிய பேசறதை எச்சரிக்கைக்கு எடுக்கக் கூடாதுன்னு நாங்கதான் விதி வெச்சோம், குழந்தைங்க அந்தரங்கம்னு. அந்தப் பேச்சு, கருவி கதை சொல்லப் பழகறதுக்கு மட்டும் போயிடும்."

"அந்தப் பிள்ளை சரியான இடத்துலதான் சொல்லியிருக்குது தம்பி. கேக்கத்தான் ஆளில்லை" என்றேன். கோபத்தில் சொல்லவில்லை. அவருக்கும் அப்படிப் படவில்லை. விறுவிறுவென்று எழுந்து போனார்.

வண்டியைத் திருப்பும்போது பூவிழி ஓடி வந்து கதவோரம் நின்றாள். பின்னாலேயே சென்னியப்பன், அவள் தோளை விடாமல் பிடித்துக்கொண்டு.

"சார், யாரு கதைன்னு நானா சொல்லலைங்க. நீங்களே பாத்துக்கிட்டீங்க."

"ஆமாம்மா. நீ சொல்லல."

"அந்தப் பாப்பா நெஜமாலுமே உள்ள இருக்குதா?"

இளம்பரிதி பொய் சொல்லவில்லை. "இருக்கலாம். அதான் போறோம்."

"அப்ப சீக்கிரம் போங்க சார்" என்றாள். வண்டியில் அவளுக்கென்று ஒதுக்கியிருந்த இடம் காலியாகவே பல்லடம் ரோட்டில் ஏறியது.

அப்பனும் மகளும் உடனே வீட்டுக்குப் போவார்கள் என்று நினைத்தேன். பூவிழி கிளம்பவில்லை. எத்தனை சொல்லியும் பள்ளிக்கூடத்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்டாள். சென்னியப்பனும் பக்கத்தில் உட்கார்ந்து, அவிழ்ந்திருந்த சடையைப் பின்னிவிட ஆரம்பித்தார். சாப்பாட்டு மணி அடித்தது. சத்துணவில் வாங்கிய தட்டை அப்பாவும் மகளும் பங்கிட்டுச் சாப்பிட்டார்கள்.

மத்தியானம் என் போன் அடித்தது. இளம்பரிதி.

"கதவைத் திறந்துட்டோம் டீச்சர். குரலைப் போட்டுக் காட்டினதும் அந்தப் பள்ளி டீச்சர் யாருன்னு சொல்லிட்டாங்க. ஏழு வயசு. மூணு நாளா பள்ளிக்கே வரல. நல்லா இருக்கு, தண்ணி குடிச்சுது, இப்ப எங்க உதவியாளர் அம்மா மடியில உக்காந்திருக்கு." சொல்லும்போதே அவர் குரல் கம்மியது. "உங்களை ஒண்ணு கேக்கணும். நாங்க உள்ள போனதும் அது பயந்துபோச்சு. 'யாரு சொன்னாங்க'ன்னு கேக்குது. அதையேதான் கேட்டுக்கிட்டு இருக்கு. யாராவது மாட்டிக்குவாங்கன்னு நினைக்குது போல. கருவி சொல்லுச்சுன்னு சொல்லவா? என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

போனைக் கையில் வைத்துக்கொண்டு பூவிழியிடம் கேட்டேன்.

அவள் யோசிக்கக்கூட இல்லை.

"அவளேதான் சொன்னான்னு சொல்லுங்க டீச்சர். நான் குரல்தான குடுத்தேன்."

அப்படியே அவரிடம் சொன்னேன். அவர் அந்தப் பிள்ளையிடம் சொல்வது போனில் கேட்டது. தறிகளை நிறுத்தியிருந்தார்கள் போல, அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. கொஞ்சம் கழித்து ஒரு சின்னக் குரல், "ஆமாங்க, நான்தான் சொன்னேன்" என்றது.